விடுமுறைக்கு முந்தைய பரபரப்பா? முதலில் தட்டைக் கவனியுங்கள்

விடுமுறை நெருங்க நெருங்க வேலைப் பட்டியல் நீளும், அதில் முதலில் அடிபடுவது சாப்பாடுதான். காலையில் வெறும் காபி, மதியம் கையில் கிடைத்த பிஸ்கட், ராத்திரி வயிறு முட்ட ஒரு பிடி. படபடப்பு வராமல் என்ன செய்யும்?

வெகுநேரம் சாப்பிடாமல் இருந்து ரத்தச் சர்க்கரை இறங்கினால் அதை ஏற்ற உடம்பு அட்ரினலின் என்ற ஹார்மோனைச் சுரக்கும். கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், பதற்றத்திலும் இதேதான் நடக்கும் என்பதால் பசியா பயமா என்றே தெரியாது. அதனால் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதாவது சாப்பிடுங்கள், வெறும் இனிப்பாக மட்டும் வேண்டாம். அவித்த முட்டை, ஒரு கைப்பிடி பாதாம், தயிரில் நறுக்கிப் போட்ட பழம் என்றால் மெதுவாகச் செரிக்கும்.

அப்புறம் காபி. அதில் இருக்கும், தூக்கத்தை விரட்டும் கஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். மாலை 5 மணிக்குக் குடித்துவிட்டு 10 மணிக்குப் படுத்தால் தூக்கம் எங்கிருந்து வரும்? மதியத்தோடு நிறுத்துங்கள். ஆனால் தினமும் நாலைந்து கப் குடிப்பவர்கள் ஒரேயடியாக விட்டால் தலைவலி மண்டையைப் பிளக்கும், ஒவ்வொன்றாகக் குறையுங்கள்.

தண்ணீர் பாட்டில் கண்ணெதிரே இருக்கட்டும், அவ்வளவுதான்.

விருந்து நாளில் பகலெல்லாம் பட்டினி கிடக்காதீர்கள், அகோரப் பசியோடு போய் உட்கார்ந்தால் அளவு தெரியாது. சமைக்க நேரமில்லையா? ஓய்வான நாளில் பருப்பும் காய்கறியும் வேகவைத்து ஆறியதும் ஃப்ரிட்ஜில் வையுங்கள், 3 நாள் தாங்கும்.