ஃபர்னஸ் பாஸ்கெட்டில் கார்பன் ஏறியிருக்கிறதா? காந்தம் வைத்துப் பார்க்கும் முறை

கேஸ் கார்புரைசிங் ஃபர்னஸில் (எஃகுப் பாகங்களின் மேற்பரப்பில் வாயு மூலம் கார்பன் ஏற்றும் உலை) பாகங்களைச் சுமந்து ஓடும் ஸ்டெயின்லெஸ் பாஸ்கெட், பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதிலும் கார்பன் ஏறி, உலோகம் நொறுங்கும் நிலைக்கு வந்திருக்கும். திடீரென்று ஒருநாள், லோடோடு தூக்கும்போது கம்பி படக்கென்று ஒடியும். கீழே ஆள் நின்றால் என்ன ஆகும்? அதனால் இந்தச் சோதனையைத் தவறாமல் செய்யுங்கள்.

முதலில், பாஸ்கெட் வெளியே வந்து முழுதாக ஆறட்டும். ஃபர்னஸுக்குள் கார்பன் ஏற்ற விடும் எண்டோ கேஸில் சுமார் 20 சதவீதம் கார்பன் மோனாக்சைடு, வாசனையே இல்லாத விஷம். ஃபர்னஸுக்குள் தலையை நீட்டிப் பார்க்கவே கூடாது. சூடான உலோகத்தில் காந்தச் சோதனையும் சரியாக வராது.

அடுத்து கிரைண்டிங். பலர் தடுமாறுவது இங்கேதான். மேலே படிந்த கறுப்புச் செதிலே காந்தத்தை இழுக்கும். அதற்கு அடியில் குரோமியம் குறைந்த மெல்லிய படலமும் இழுக்கும். செதிலின் மேல் காந்தம் வைத்தால் நல்ல பாஸ்கெட்டும் கெட்டதாகத் தெரியும். ஃபிளாப் டிஸ்க்கால் பளபளப்பான உலோகம் தெரியும்வரை தேயுங்கள். சாதா இரும்பு வயர் பிரஷ் வேண்டாம், இரும்புத் துகள் ஒட்டிக்கொள்ளும்.

இப்போது காந்தம். நூலில் கட்டிய சின்ன சாதாரணக் காந்தம்தான் என் தேர்வு. நியோடிமியம் லேசான இழுப்புக்கே ஒட்டிக்கொள்ளும், வித்தியாசம் கைக்குத் தெரியாது. 310 கிரேடு ஸ்டெயின்லெஸில் 25 சதவீதம் குரோமியம், 20 சதவீதம் நிக்கல். புதிதில் காந்தம் ஒட்டாது. ஏறிய கார்பன் குரோமியத்தைக் கார்பைடாகப் பிடித்துக்கொள்ள, மிச்ச உலோகம் காந்தத்தை இழுக்கும்.

நன்றாக ஒட்டினால் அந்தக் கம்பியில் லோடு தொங்கவிடாதீர்கள். வெல்டிங் வைத்து ஒப்பேற்றவும் வேண்டாம், பக்கத்திலேயே விரிசல் விடும். மாற்றும்போது 330 கிரேடு வாங்குங்கள். அதில் 35 சதவீதம் நிக்கலோடு சிலிக்கானும் இருப்பதால் கார்பன் எளிதில் ஏறாது. விலை கூடத்தான், ஆனால் தரலாம்.

ஒன்று கவனியுங்கள்: சுமார் 450 முதல் 800 டிகிரி வரையுள்ள கேஸ் பைப்புகளில் வருவது வேறு நோய். உலோகமே கரித்தூளாக உதிர்ந்து குழி விழும். அங்கே காந்தத்தை நம்பாமல், கரியைத் துடைத்துவிட்டுக் குழிகளைத் தேடுங்கள்.

பின்சேர்க்கை: புது 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் கம்பியின் வளைவில் காந்தம் ஒட்டுகிறதே என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். குளிர்நிலையில் வளைத்தாலே 304 கொஞ்சம் இழுக்கும். வெல்டிங் தையலும் அப்படித்தான். நேரான பகுதியில், அதே ரகப் புதுத் துண்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.