சோவியத் நடிகைக்கு ஒரு காட்சிப் பலகை: ஆண்டும் பெயரும் பிசகாமல்

சோவியத் படம் ஒன்றைத் திரையிடும் முன், அதில் நடித்தவரைப் பற்றி அரங்க வாசலில் வைக்கும் பலகையைப் பாதிப் பேர் நின்று படிப்பார்கள். புதுச்சேரியில் அவர்களில் ஒருவராவது அதே நடிகையைப் பற்றிப் பிரெஞ்சில் வாசித்தவராக இருப்பார். பிழை இருந்தால் அவர் கண்ணுக்குத்தான் முதலில் படும்.

பலர் படப் பட்டியலிலிருந்து தொடங்குகிறார்கள். அது தலைகீழ். நாடகத்தில் பெயரெடுத்துச் சினிமாவுக்குப் போனால் மேடையை மறந்துவிடுவது நம்மூர்ப் பழக்கம். சோவியத் நடிகையோ பெரும்பாலும் ஒரு நாடக அரங்கில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். ஒத்திகைக்கும் இரவு நாடகத்துக்கும் நடுவே கிடைத்த நாட்களில்தான் படப்பிடிப்பு. ஆகவே அரங்குகளை முதலில் வரையுங்கள், படங்களை அவற்றின் கீழே பொருத்துங்கள்.

அலிசா ஃப்ரெய்ந்த்லிக்கை எடுத்துக்கொள்வோம். பிறப்பு 1934 டிசம்பர் 8, லெனின்கிராடு. மேடைப் பயிற்சி முடித்தது 1957இல். பலகை 4 அடி அகலம், 3 அடி உயரம். 1957 முதல் சோவியத் ஒன்றியம் கலைந்த 1991 வரை 34 ஆண்டுகள். ஆண்டுக்கு 3 செ.மீ. வைத்தால் கோடு 102 செ.மீ. வரும், இரண்டு ஓரமும் பத்துப் பத்து மிஞ்சும். மேல் பட்டையில் முதல் 12 செ.மீ. கமிசார்ஷெவ்ஸ்கயா அரங்கு (1957-61). அடுத்த 66 செ.மீ. லென்சவியெத் அரங்கு (1961-83). மீதி 24 செ.மீ. தவ்ஸ்தனோகவ் இயக்குநராக இருந்த பல்ஷோய் நாடக அரங்கு. மூன்றுக்கும் மூன்று நிறம்.

கீழ்ப் பட்டையில் படங்களுக்குப் புள்ளி வையுங்கள். எல்தார் ரியாசனவின் 'அலுவலகக் காதல்' (1977) 60ஆம் செ.மீட்டரில் விழும், தர்கோவ்ஸ்கியின் 'ஸ்டாக்கர்' (1979) 66இல். இரண்டுமே லென்சவியெத் பட்டையின் அடியில்தான். படப் பட்டியலை மட்டும் போட்டிருந்தால் இவர் நாற்பது வயதில் திடீரென முளைத்தவர்போலத் தெரிவார். மேல் பட்டையைப் பார்க்கிறவருக்கு அதற்கு முன்பே இருபது ஆண்டு மேடை தெரியும்.

'பல்ஷோய்' என்றதும் மாஸ்கோ பாலே அரங்கின் படத்தை ஒட்டிவிடாதீர்கள். அந்தச் சொல்லுக்குப் 'பெரிய' என்றுதான் பொருள். இது லெனின்கிராடு நகரின் வேறு அரங்கு. அப்போது அதற்குக் கார்க்கி பெயர், தவ்ஸ்தனோகவ் பெயர் வந்தது 1992இல். அந்தந்த ஆண்டில் என்ன பெயரோ அதையே எழுதுங்கள். ஊருக்கும் அப்படித்தான்: 1914 வரை சென்ட் பீட்டர்ஸ்பர்க், 1924 வரை பெத்ரோகிராடு, 1991 வரை லெனின்கிராடு.

தேதியில் விழும் குழி ஆழமானது. ரஷ்யா பழைய நாட்காட்டியிலிருந்து புதியதற்கு மாறியபோது 1918 ஜனவரி 31க்கு மறுநாள் பிப்ரவரி 14 ஆனது. அதற்கு முன் பிறந்தவர்களுக்கு இரண்டு தேதி இருக்கும். 19ஆம் நூற்றாண்டுத் தேதியோடு 12 நாளும், 1900 மார்ச்சுக்குப் பிந்தையதோடு 13 நாளும் கூட்ட வேண்டும். நடிகை ஃபைனா ரனேவ்ஸ்கயா பிறந்தது பழைய கணக்கில் 1896 ஆகஸ்ட் 15, புதிய கணக்கில் 27. இன்னொரு நடிகை லியுபோவ் அர்லோவா பழையதில் 1902 ஜனவரி 29, புதியதில் பிப்ரவரி 11. எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு 13 கூட்டுவதால்தான் ஒரு நாள் பிசகுகிறது.

படத்துக்கும் இரண்டு ஆண்டு உண்டு. ஃப்ரெய்ந்த்லிக் அரசி ஆன்னாக வரும் மூன்று துப்பாக்கி வீரர்கள் தொலைக்காட்சிப் படம் 1978இல் தயாரானது, ஒளிபரப்பானது 1979 டிசம்பரில். தயாரிப்பு ஆண்டா, வெளியான ஆண்டா என்று தொடக்கத்திலேயே முடிவு செய்து, பலகை முழுக்க அதையே பின்பற்றுங்கள்.

பெயர்களுக்கு வருவோம். நூலகத்தில் பிரெஞ்சுப் புத்தகம் தேடுகிறவர்கள் கவனிக்க: லியுபோவ் என்ற பெயர் ஆங்கிலத்தில் எல்-ஒய் என்றும் பிரெஞ்சில் எல்-ஐ என்றும் தொடங்கும், அகரவரிசையில் இடமே மாறிவிடும். குடும்பப் பெயரின் முடிவு ஆணுக்கும் பெண்ணுக்கும் மாறும்: தந்தை சமோய்லவ், மகள் சமோய்லவா. இரண்டு குடும்பம் என்று நினைத்துவிட வேண்டாம். அழுத்தம் விழாத 'ஒ' ரஷ்ய மொழியில் 'அ'வாக ஒலிக்கும், அதனால்தான் ஓர்லோவா அல்ல, அர்லோவா.

நடிகை தத்தியானா சமோய்லவாவின் புகழ்பெற்ற 1957ஆம் ஆண்டுப் படம் 'கொக்குகள் பறக்கின்றன' 1958இல் கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருதை வென்றது. ரஷ்யத் தலைப்பில் பறப்பது கொக்கு. பிரெஞ்சுத் தலைப்பில் நாரை. கொக்கைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லுக்குக் கொச்சையில் வேறு பொருள் உண்டு. நம்மூர்ப் பெரியவர் நாரை என்று சொன்னால் திருத்தப் போகாதீர்கள், பலகையில் இரண்டையும் போடுங்கள். அந்தப் படத்துக்கு மூலமான ரோசவின் நாடகத்தைச் சவ்ரெமென்னிக் அரங்கு 1956இல் மேடையேற்றியது. அதில் சமோய்லவா நடிக்கவில்லை. படத்தில் இருப்பவர் மேடையிலும் இருந்திருப்பார் என்ற ஊகம் பல குறிப்புகளைக் கெடுத்திருக்கிறது.

தலைப்பை ஆங்கிலம் வழியாகத் தமிழாக்கினால் இன்னொரு வம்பு. 'அலுவலகக் காதல்' (1977) தலைப்பிலும், ஃப்ரெய்ந்த்லிக் நடித்த 1984 ரியாசனவ் படத்தின் தலைப்பிலும் ஆங்கிலத்தில் 'ரொமான்ஸ்' வரும். ரஷ்ய மொழியில் முதலாவது காதல் விவகாரம், இரண்டாவது ஒருவகைப் பாட்டு. இரண்டாவதைக் 'கொடூரக் காதல்' என்று எழுதினால் பாட்டு காணாமல் போய்விடும்.

சோவியத் அரசு கலைஞர்களுக்குத் தந்த பட்டங்களில் ஒரு குடியரசு அளவு வேறு, முழுச் சோவியத் ஒன்றிய அளவு வேறு. 'மக்கள் கலைஞர்' என்று மொட்டையாக எழுதாமல் எந்த அளவு என்று சேர்த்து எழுதுங்கள். ஃப்ரெய்ந்த்லிக்குக்கு ஒன்றிய அளவுப் பட்டம் 1981இல்.

அச்சுக்கு: தமிழ் எழுத்து 28 பாயிண்ட் அளவுக்குக் கீழே போனால் தள்ளி நின்று பார்ப்பவருக்குப் புள்ளி தெரியாது, ணகரமும் னகரமும் குழம்பும். 8×10 அங்குலப் புகைப்படத்துக்கு 2400×3000 பிக்சல் வேண்டும். இணையத்தில் கிடைக்கும் சிறிய படத்தைப் பெரிதாக்கினால் முகம் கட்டம் கட்டமாகிவிடும். சார்ட் தாள் கடற்காற்றில் ஒரே இரவில் சுருளும், எனவே 5 மி.மீ. சன்போர்டில் (நுரைப் பலகையில்) ஒட்டுங்கள். பழைய சுண்ணாம்புச் சுவரில் இருபக்க டேப் நிற்காது. காரையோடு பெயர்ந்து வரும், கட்டடக்காரரின் கோபமும் கூடவே வரும். மேலே இரண்டு துளை போட்டு நைலான் கயிற்றில் தொங்கவிடுங்கள், அல்லது ஓவியர் பயன்படுத்தும் தாங்கியில் (easel) சாய்த்து வையுங்கள்.