சியாங் மாயில் முன்கூட்டிய ஓய்வு: முதல் ஆண்டில் வாரத்தை அமைத்துக்கொள்ளும் முறை

சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையின் திட்டமிடல் பிரிவில் 24 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, 51 வயதில் ஓய்வு பெற்று, மனைவியோடு தாய்லாந்தின் சியாங் மாய் நகருக்குக் குடிவந்தேன். ஓய்வுக்காலச் செலவைக் கணக்கிட நான் தயாரித்த விரிதாளில் பன்னிரண்டு பக்கங்கள் இருந்தன. ஆனால் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நான் எங்கே இருப்பேன், யாரோடு இருப்பேன் என்பதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை. முதல் நான்கு மாதங்கள் அதன் பலனை அனுபவித்தேன். அதன்பின் வாரத்தை எப்படிச் சீராக்கிக்கொண்டேன் என்பதைப் புதிதாக வருவோருக்காக இங்கே படிப்படியாக எழுதுகிறேன். வீடு பார்ப்பது, வங்கிக் கணக்குத் திறப்பது போன்றவை ஒரு மாதத்தில் தாமாகவே முடிந்துவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

படி 1: தாள் வேலைகளை நாட்காட்டியில் ஏற்றுங்கள்

ஓய்வுக்காலத் தங்குரிமைக்கு 50 வயது நிறைந்திருக்க வேண்டும். தாய்லாந்து வங்கியில் 8 லட்சம் பாட் வைப்பாகவோ, மாதம் 65,000 பாட் வருமானமாகவோ காட்ட வேண்டும். வைப்பு முறையைத் தேர்ந்தால், விண்ணப்பிப்பதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பிருந்தே முழுத் தொகையும் கணக்கில் இருக்க வேண்டும். அனுமதி கிடைத்தபின் மூன்று மாதங்கள் வரை அதைத் தொடக்கூடாது. அதற்குப் பிறகும் இருப்பு 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக்கூடாது. ஆண்டு நீட்டிப்புக் கட்டணமாக நான் செலுத்தியது 1,900 பாட். 90 நாள்களுக்கு ஒருமுறை முகவரியைத் தெரிவிக்க வேண்டும். உரிய நாளுக்கு 15 நாள்கள் முன்பிலிருந்து 7 நாள்கள் பின்பு வரை அவகாசம் உண்டு. இந்தத் தேதிகளையெல்லாம் முதல் நாளே கைத்தொலைபேசியின் நாட்காட்டியில் ஏற்றி, மனைவியின் தொலைபேசியிலும் ஏற்றிவிடுங்கள். இதற்கென்று தனிச் செயலி தேடி அலைய வேண்டியதில்லை. சாதாரண நாட்காட்டியே போதும்.

படி 2: உங்கள் வரவை எதிர்பார்க்கும் மூன்று இடங்களைப் பிடியுங்கள்

உடற்பயிற்சி என்றதும் நாம் முதலில் செய்வது உடற்பயிற்சிக் கூடத்துக்கு ஆண்டுச் சந்தா கட்டுவதுதான். நானும் கட்டினேன், ஒன்பது முறை போனேன். அங்கே நான் வந்தாலும் வராவிட்டாலும் கவனிக்க ஆளில்லை. வேலையில் இருந்த காலத்தில் நம்மை எழுப்பி நடக்க வைத்தது நமது மனவுறுதி என்று எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் ஒன்பது மணிக் கூட்டத்தில் நமது நாற்காலி காலியாக இருந்தால் நான்கு பேர் கேட்பார்கள் என்பதே நம்மை எழுப்பியது. அந்த நான்கு பேரைப் புதிய ஊரிலும் தேடிக்கொள்ள வேண்டும். வாரத்துக்கு மூன்று நிலையான நேரங்கள், மூன்று வெவ்வேறு கூட்டங்கள் என்று தொடங்குங்கள்; அதற்கு மேல் முதல் ஆண்டில் வேண்டாம்.

எனக்கு அமைந்தவை இவை. பழைய நகரத்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் நோங் புவாக் ஹாட் பூங்காவில் மாலையில் நடக்கும் கூட்டு ஏரோபிக்ஸ் ஒன்று. தோய் சுதேப் மலையடிவாரத்திலிருந்து வாட் பா லாட் கோயில் வரை ஏறும் காட்டுப்பாதை மற்றொன்று. பிக்குகள் நடந்த பழைய வழி என்பதால் மரங்களில் காவித் துணி சுற்றி அடையாளம் வைத்திருக்கிறார்கள், முக்கால் மணி நேரத்தில் ஏறிவிடலாம். மூன்றாவது, வாரம் இருமுறை தாய்லாந்து மொழி வகுப்பு.

பூங்காவுக்குப் போன முதல் மாலையில் ஒரு கூத்து நடந்தது. நான் மெதுவோட்டம் ஓடிக்கொண்டிருந்தேன். ஆறு மணிக்கு ஒலிபெருக்கியில் இசை எழுந்ததும், எனக்கு முன்னால் ஓடிய இளைஞர் ஒரு காலை ஊன்றிய நிலையிலேயே நின்றார். பொரித்த வாழைப்பழம் விற்ற அம்மாள் கரண்டியை எண்ணெய்க்கு மேலே பிடித்தபடி நின்றார். ஊஞ்சலில் இருந்த பிள்ளைகளும் இறங்கி நின்றார்கள். நான் மட்டும் மூச்சிரைக்க அவர்களுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தேன். அது தேசிய கீதம். காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் பொது இடங்களில் ஒலிக்கும். வாழைப்பழ அம்மாள் உள்ளங்கையைக் கீழ்நோக்கி லேசாக அசைத்ததும் நின்றேன். மறுநாள் ஆறு மணிக்கு நான் சரியாக நின்றதைப் பார்த்து அவர் சிரித்தார். மூன்றாம் வாரம் நான் வராமல் போனதற்கு அடுத்த நாள் காரணம் கேட்டார். எனக்கு முதல் நாற்காலி கிடைத்த இடம் அதுதான்.

எவ்வளவு உடலுழைப்பு தேவை என்று கேட்பவர்களுக்கு: உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பும், இரண்டு நாள் தசை வலுவுக்கான பயிற்சியும். மேலே சொன்ன பூங்காவும் மலைப்பாதையும் முதற்பகுதியை நிரப்பிவிடும். இரண்டாவதற்கு வீட்டில் ஒரு ரப்பர்ப் பட்டை வைத்திருக்கிறேன்.

படி 3: எழுத்தைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள்

தாய்லாந்து மொழியை ஆங்கில எழுத்தில் எழுதிப் படிக்கும் நூல்கள் ஏராளம். தமிழருக்கு அவை வேண்டாம் என்பது என் கட்சி. தாய்லாந்து எழுத்து கம்போடியாவின் கெமர் எழுத்து வழியாகப் பல்லவ எழுத்திலிருந்து வந்தது; ஆகவே உயிர்க்குறி மெய்க்கு முன்னால் வருவதைக் கண்டு ஐரோப்பியர் திகைக்கும் இடத்தில், கொம்பு போட்டு ‘கெ’, ‘கே’ எழுதிப் பழகிய நாம் திகைக்க மாட்டோம். சொற்களும் கை கொடுக்கும்: உணவு ‘ஆஹான்’ (நமது ஆகாரம்), மொழி ‘பாசா’ (பாஷை), நகரம் ‘நக்கோன்’. வயதில் மூத்தவரை ‘பீ’ என்றும் இளையவரை ‘நோங்’ என்றும் முன்பின் அறியாதவரைக்கூட அழைப்பது, நம் ஊரில் அண்ணன், தம்பி என்று அழைப்பதைப் போலத்தான்.

சிக்கல் தொனியில் இருக்கிறது. தொனிகள் ஐந்து. ‘க்லை’ என்று சமமாகச் சொன்னால் தூரம். அதையே மேலிருந்து இறக்கிச் சொன்னால் பக்கம். முவாங் மாய் காய்கறிச் சந்தை எங்கே என்று கேட்டு, பக்கம்தான் என்று நானாகப் புரிந்துகொண்டு, நண்பகல் வெயிலில் ஒரு மணி நேரம் நடந்திருக்கிறேன். எனவே ஒவ்வொரு சொல்லையும் தொனியோடு சேர்த்தே மனனம் செய்யுங்கள். வகுப்பில் கூச்சப்படாமல் கையை மேலும் கீழும் ஆட்டிச் சொல்லுங்கள். செயலிகள் தொனியைத் திருத்துவதில்லை. எதிரே ஆசிரியர் அமர்ந்திருக்கும் வகுப்பே மேல்.

படி 4: புகைக்காலத்துக்கு இரண்டாவது கால அட்டவணை

என்னை விழத்தட்டிய படி இது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வட தாய்லாந்திலும் எல்லைக்கு அப்பாலும் மக்காச்சோளத் தட்டைகளும் காடும் எரிகின்றன. நகரம் மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் இருப்பதாலும், அந்தப் பருவத்தில் மேலே வெப்பக் காற்று மூடி போட்டதுபோல் தங்கிவிடுவதாலும், புகை வெளியேற வழியில்லாமல் தேங்குகிறது. சில நாள்களில் வீட்டு வாசலிலிருந்து தோய் சுதேப் மலையே தெரியாது.

சிங்கப்பூரில் 2013 ஜூன் மாதம் காற்றுத்தூய்மைக் குறியீடு 401ஐத் தொட்ட புகைமூட்டத்தைப் பார்த்தவன் என்ற அசட்டுத் துணிச்சல் எனக்கு இருந்தது. முதல் மார்ச் மாதத்தில் ஒரு காலை, சியாங் மாய் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய ‘டஸ்ட்பாய்’ கருவிகளின் வலைத்தளத்தைத் திறந்தேன். எங்கள் பகுதியில் 90 என்று காட்டியது. சிங்கப்பூர்க் கணக்கில் 90 என்றால் மிதமான நிலை. கவலையின்றி மலைப்பாதையில் ஏறினேன். ஆனால் நான் பார்த்த 90, குறியீட்டு எண் அன்று. ஒரு கன மீட்டர் காற்றில் உள்ள பி.எம். 2.5 நுண்துகளின் மைக்ரோகிராம் அளவு. அமெரிக்கக் குறியீட்டுக்கு மாற்றினால் அது 170ஐ ஒட்டி வரும். பத்து நாள் இருமலோடு கிடந்தேன். அதைவிடக் கெட்டது, அந்தப் பத்து நாள் ஆறு வாரமாக நீண்டது. பூங்கா, மலை இரண்டும் ஒரே சமயத்தில் கைவிட்டுப் போனதால் வீட்டுக்குள்ளேயே முடங்கினேன்.

ஆகவே, எந்தச் செயலியைத் திறந்தாலும் முதலில் அலகைப் பாருங்கள். மைக்ரோகிராம் அளவையே நான் பின்பற்றுகிறேன், ஏனென்றால் குறியீடு நாட்டுக்கு நாடு மாறும், மைக்ரோகிராம் மாறாது. தாய்லாந்தின் 24 மணி நேர வரம்பு 37.5, உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு 15. எங்கள் வீட்டு விதி இப்படி: 37க்குக் கீழே இருந்தால் வழக்கமான அட்டவணை, அதற்கு மேல் போனால் ஓட்டமும் மலையும் இல்லை, வெளியே போவதானால் என்95 முகக்கவசம், 75க்கு மேல் போனால் சன்னலைச் சாத்திவிட்டு இரண்டாவது அட்டவணை. இது எங்கள் இருவருக்கு ஒத்துவந்த விதி. ஆஸ்துமாவோ இதய நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டு இதைவிடக் கடுமையாக வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது அட்டவணையை டிசம்பருக்குள் எழுதிவிடுங்கள். அதிலும் மூன்று சந்திப்புகள் இருக்க வேண்டும், அனைத்தும் மூடிய அறைக்குள். மொழி வகுப்பு அப்படியே தொடரும். மலைக்குப் பதிலாகக் காற்றுச் சுத்திகரிப்பான் ஓடும் உள்ளரங்கில் மேசைப்பந்து. வெறும் குளிரூட்டி ஓடும் அரங்கம் பயன்படாது, அது காற்றைக் குளிர்விக்குமே தவிர நுண்துகளை வடிகட்டாது. பூங்காவுக்குப் பதிலாக, எங்கள் அடுக்குமாடியில் இருக்கும் ஓய்வு பெற்ற தாய்லாந்து ஆசிரியை ஒருவர் வீட்டில் வாரம் ஒருமுறை சமையல். அவர் எனக்கு ‘காவ் சோய்’ என்னும் வட தாய்லாந்து நூடுல்ஸ் குழம்பு சொல்லிக்கொடுக்கிறார், என் மனைவி அவருக்கு ரசம் சொல்லிக்கொடுக்கிறார்.

காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கும்போது விலைச்சீட்டுக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் சதுர மீட்டரை நம்பாதீர்கள். அறையின் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி, வரும் கன அளவை ஐந்தால் பெருக்குங்கள். 4 மீட்டருக்கு 4 மீட்டர், 2.7 மீட்டர் உயரமுள்ள படுக்கையறைக்கு அது சுமார் 216. மணிக்கு அத்தனை கன மீட்டர் தூய காற்றைத் தரும் கருவியாக இருக்க வேண்டும். வண்ண விளக்கும் வைஃபையும் எனக்குத் தேவையில்லை. மாற்று வடிகட்டி மலிவாக எங்கும் கிடைக்குமா என்பதை மட்டும் பார்ப்பேன். நவம்பரில் வாங்குங்கள். மார்ச்சில் நான் கடை கடையாக ஏறி இறங்கிக் காட்சிக்கு வைத்திருந்த கருவியைக் கெஞ்சி வாங்கினேன்.

படி 5: தொண்டு செய்வதற்கு முன் கேளுங்கள்

ஓய்வுக்காலத் தங்குரிமையில் வேலை செய்ய அனுமதி இல்லை. சம்பளம் வாங்காத தொண்டும் வேலையாகக் கருதப்படலாம். ஒரு பள்ளியில் கணிதம் சொல்லிக்கொடுக்க ஆர்வத்தோடு போன என்னிடம் வேலை அனுமதி பற்றி அங்கே ஒருவரும் பேசவில்லை. என் மொழி வகுப்பில் இருந்த ஒரு முதியவர்தான் எச்சரித்தார். நிறுவனமே உங்களுக்காக அனுமதி வாங்கித் தருமா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால், வாட் செடி லுவாங் கோயிலில் இளம் பிக்குகளோடு ஆங்கிலத்தில் உரையாடும் நிகழ்ச்சி இருக்கிறது. அங்கே நீங்கள் விருந்தினராகவே அமரலாம்.

பின்சேர்க்கை

இதன் முதல் வடிவத்தை வாசித்த இருவர், புகைக்காலத்தில் நாட்டைவிட்டே போய்விட்டு வந்தால் என்ன என்று கேட்டிருந்தார்கள். நல்ல யோசனைதான், நாங்களும் இப்போது மார்ச்சில் மூன்று வாரம் கும்பகோணம் போகிறோம். ஆனால் புறப்படுவதற்கு முன் மறுநுழைவு அனுமதி வாங்காவிட்டால், விமானம் ஏறிய அன்றே ஆண்டு நீட்டிப்பு காலாவதியாகி, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க நேரும். ஒரு முறைக்கு 1,000 பாட், பல முறைக்கு 3,800 பாட் கொடுத்தோம். கடைசி நாள் வரை வைக்காமல் குடிநுழைவு அலுவலகத்துக்கு ஒரு வாரம் முன்பே போய்விடுங்கள். திரும்பி வந்த நாளிலிருந்து 90 நாள் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்பதால், நாட்காட்டியில் பழைய தேதியை அழித்துவிட்டுப் புதியதை ஏற்ற வேண்டும். ஏப்ரல் 13இல் சொங்க்ரான், அதாவது தண்ணீர் ஊற்றிக் கொண்டாடும் தாய்லாந்துப் புத்தாண்டு தொடங்குகிறது, நமது சித்திரைப் பிறப்பும் அதையொட்டியே வருகிறது. அதற்கு முந்தைய வாரம் திரும்பிவிடுவது வழக்கம், பூங்காவில் அந்த வாழைப்பழ அம்மாள் தண்ணீர்க் குவளையோடு எனக்காகக் காத்திருப்பார்.