காசு வண்டியில் ஏறமுதல் வெஸ்ற்றை வாசியுங்கோ

கனடா ஸ்காபரோவில், காசு ஏத்திக்கொண்டு போற வண்டி வேலைக்குப் புதிதாக வருகிற பெடியள் என்னிடம் முதலில் கேட்கிறது ஒன்றுதான்: "அண்ணை, இந்தக் குண்டு துளைக்காத வெஸ்ற் எல்லா வெடியையும் தாங்குமோ?" தாங்காது. எதைத் தாங்கும் என்று அதிலேயே எழுதியிருக்கு.

வெளி உறையைத் திறந்து உள்ளுக்குள்ள பனலை, அதுதான் குண்டைத் தடுக்கிற நூல் அடுக்குகளை, இழுத்து எடுங்கோ. அதில் ஒரு சீட்டுத் தைச்சோ ஒட்டியோ இருக்கும். லெவல் (எந்தக் குண்டைத் தாங்கும் என்கிறது), அளவு, செய்த திகதி, தொடர் இலக்கம், எந்தப் பக்கம் உடம்போட இருக்கவேணும் என்கிறது எல்லாம் அதில் இருக்கும். பக்கம் மாறிப் போட்டவர்களை நானே கண்டிருக்கிறன்.

லெவலை வகுக்கிறது அமெரிக்க நீதித்துறையின் என்.ஐ.ஜே. என்ற ஆய்வு அமைப்பு. எங்களிட்ட கூடுதலாக இருக்கிறது லெவல் 3ஏ. 44 மக்னம் என்ற பெரிய பிஸ்ரல் குண்டை விநாடிக்கு 436 மீற்றர் வேகத்தில் சுட்டுச் சோதிக்கிற லெவல் அது. லெவல் 2க்கு 9 மில்லிமீற்றர் குண்டு, 398 மீற்றர் வேகம். 2023 கடைசியில் புதுப் பெயர்கள் வந்திட்டுது: பழைய 2 இப்ப எச்.ஜி. 1, பழைய 3ஏ இப்ப எச்.ஜி. 2. இரண்டும் பிஸ்ரலுக்குத்தான். ஏ.கே. றைபிளின் குண்டு 700 மீற்றருக்கு மேல வரும். அதுக்குக் கெட்டியான பிளேற் வேணும். கத்திக்குத்துக்கு வேற சோதனை, வேற வெஸ்ற்.

பயிற்சியில் சுட்டுக் காட்டின பழைய பனல் ஒன்றைப் பிரிச்சுப் பார்த்தோம். மேல் அடுக்குகளில் ஓட்டை. உள்ளுக்குப் போகப் போக நூல்கள் இழுபட்டு, நடுவில் ஈயம் சட்டைப் பொத்தான் மாதிரி நசிஞ்சு கிடந்தது. பிஸ்ரல் குண்டு மெதுவானது, முனை மழுங்கினது. நூல் அதைப் பிடிச்சு விசையை அகலமாகப் பரப்பிவிடும். ஆனால் பின்பக்கம் புடைக்கும். சோதனையில் பனலுக்குப் பின்னால வைக்கிற களிமண்ணில் 44 மில்லிமீற்றர் பள்ளம் வரைக்கும் அனுமதி இருக்கு. அந்த அடி உங்கட நெஞ்சில் விழும். குண்டு துளைக்காவிட்டாலும் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. அந்தப் பனலைத் திரும்பப் போடாதேங்கோ.

போட்ட பிறகு கதிரையில் இருந்து பாருங்கோ. நிற்கேக்க கீழ் விளிம்புக்கும் பெல்ற்றுக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் இடைவெளி வேணும். இல்லாட்டி வண்டியில் இருக்கேக்க பனல் மேல ஏறித் தொண்டையில் இடிக்கும். பெடியள் அதைத் தாங்கேலாமல் பட்டியைத் தளர்த்துவினம், பிறகு விலாப் பக்கம் திறந்துபோகும். முன்பனல் பின்பனலுக்கு மேல கொஞ்சம் ஏறி நிற்கவேணும்.

கழுவுறதுதான் எனக்குப் பெரிய கவலை. ஒருக்கால் பனலை எடுக்காமல் உறையைக் கூடையில் போட்டிட்டன். மனுசி எல்லாத்தையும் சேர்த்து மெஷினில் போட்டிட்டா. பனலின் நீர்புகா உறை தையலில் பிரிஞ்சிட்டுது. வெளியில் பார்க்க ஒன்றும் தெரியாது. ஆனால் பனல் செய்யிற கெவ்லார் என்ற நூல் ஈரம் குடிச்சால் அதை நம்பேலாது. வேற பனல் வரும்வரைக்கும் நான் வண்டியில் ஏறேல்லை. உறையை மட்டும் கழுவுங்கோ. பனலை மெல்லிய சவர்க்காரத் தண்ணியில் நனைச்ச துணியால துடைச்சு, நிழலில் தட்டையாகக் காயவிடுங்கோ. பிளீச், அயன், ட்ரையர் கூடாது. சாதாரண ஹாங்கரில் தூக்கவும் வேண்டாம், மடிஞ்சுபோகும். கோடையில் கார் டிக்கியில் விட்டிட்டுப் போகாதேங்கோ.

2003இல் பென்சில்வேனியாவில் ஒரு பொலிஸ்காரர் போட்டிருந்த, ஸைலோன் என்ற வேறொரு நூலில் செய்த வெஸ்ற்றைப் பிஸ்ரல் குண்டு துளைச்சது. சூடும் ஈரமும் அந்த நூலைப் பலவீனமாக்கும் என்று தெரியவந்து, 2005இல் என்.ஐ.ஜே. ஸைலோனுக்குக் கொடுத்த அங்கீகாரத்தை நிறுத்தியது. மலிவு என்று பழைய வெஸ்ற் வாங்கவேண்டாம் என்று நான் சண்டை பிடிக்கிறது இதாலதான்.

அனேகமான கொம்பனிகள் பனலுக்குக் கொடுக்கிற உத்தரவாதம் ஐந்து வருசம். இண்டைக்கு வீட்டை போனதும் பனலை எடுத்துத் திகதியைப் பாருங்கோ. தாண்டியிருந்தால் நாளைக்கு வண்டியில் ஏறமுதல் சுப்பவைசரிட்டச் சொல்லுங்கோ.