பழைய பத்திரிகை ஆசிரியரின் வரலாற்றைத் திரட்டுவது எப்படி?

பலரும் இரங்கல் கட்டுரையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அதில் புகழ் இருக்கும். பத்திரிகை எப்படி நடந்தது என்பது இருக்காது. முதலில் பார்க்க வேண்டியது, அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர் உள்ள வரி. பெரும்பாலும் கடைசிப் பக்கத்தின் அடியில் இருக்கும். 1867ஆம் ஆண்டுச் சட்டம் இந்தப் பெயர்களைக் கட்டாயமாக்கியது. ஆசிரியர் பெயரையும் போட வேண்டும் என்ற விதி 1922இல்தான் வந்தது. அதனால் அதற்கு முந்தைய இதழ்களில் அந்த வரியில் பெயர் இருப்பதாலேயே ஒருவரை ஆசிரியர் என்று எழுதிவிடக் கூடாது.

அடுத்து ஆண்டுவாரியாக ஓர் அட்டவணை போடுங்கள்: ஆசிரியர், வெளியீட்டாளர், அச்சகம், உரிமையாளர், எத்தனை நாளுக்கு ஓர் இதழ். ஜி. சுப்பிரமணிய ஐயரை எடுத்துக்கொள்வோம். 1878 செப்டம்பர் 20இல் நண்பர்கள் ஐவரோடு சேர்ந்து, ஒன்றேமுக்கால் ரூபாய் கடனில், 80 பிரதிகளோடு ‘தி இந்து’வைத் தொடங்கினார். அது அப்போது வார இதழ். 1883இல் வாரம் மும்முறை, 1889இல் நாளிதழ். இடையே 1882இல் அவருடைய ‘சுதேசமித்திரன்’ வார இதழாகப் பிறந்தது, நாளிதழானது 1899இல். ‘1882இல் நாளிதழ் தொடங்கினார்’ என்ற பிழை அடிக்கடி அச்சேறுவதற்குக் காரணம், கடைசி நிரலை யாரும் நிரப்பாததுதான்.

பெயர் மாறும் ஆண்டுகளில் நிதானியுங்கள். 1898இல் அவர் ‘இந்து’வை விட்டு விலகினார், அந்த ஐந்து நண்பர்களில் ஒருவரான வீரராகவாச்சாரியார் தொடர்ந்து நடத்தினார், 1905இல் கஸ்தூரி ரங்க ஐயங்கார் வாங்கினார். இப்படிப்பட்ட திருப்பங்களில் கடன், அவதூறு வழக்கு, கொள்கை வேறுபாடு மூன்றையும் தனித்தனியாகத் தேட வேண்டும். ஒன்று கிடைத்ததும் நிறுத்தினால் கதை கோணலாகிவிடும்.

தமிழ்த் தேதி பெரிய பொறி. சித்திரபானு ஆண்டு 1822, 1882, 1942 மூன்றிலும் வரும். அதோடு, 1882இல் பிறந்த சித்திரபானுவில் ‘சித்திரபானு தை’ என்றால் 1883 ஜனவரி-பிப்ரவரி, 1882 அல்ல. மார்கழிப் பிற்பாதி முதல் பங்குனி வரையிலான இதழ்களில் கிழமையையும் சேர்த்துச் சரிபாருங்கள்.

தலையங்கத்தில் கையொப்பம் இருக்காது. 1904இல் பாரதி ‘சுதேசமித்திர’னில் உதவியாசிரியராகச் சேர்ந்தார். எனவே அதன்பின் வந்த கையொப்பமில்லாப் பத்தி எதையும், வேறு சான்றில்லாமல், அவர் எழுதியது என்றோ ஐயர் எழுதியது என்றோ சொல்வது சரியல்ல. மேடைப் பேச்சு, கடிதம், பிற்காலத் தொகுப்பு எதனோடாவது ஒத்துப்போக வேண்டும்.

இதழே கிடைக்காவிட்டால்? தமிழ்ப் பத்திரிகைகளில் வந்ததை அன்றைய அரசு ஆங்கிலத்தில் சுருக்கி அறிக்கைகளாக வைத்தது. சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள். தரமணி ரோஜா முத்தையா நூலகத்திலும் தேடுங்கள். அந்த அறிக்கைகள் ஆட்சிக்கு உறுத்திய வரிகளையே பொறுக்கியவை. விளம்பரம், சந்தா அறிவிப்பு அங்கே இராது. ஒரு பத்திரிகையின் பிழைப்பைச் சொல்பவை இவ்விரண்டும்தான், ஆகவே மூல இதழைத் தேடுவதைக் கைவிடாதீர்கள்.

பழைய இதழ்களின் மரக்கூழ்த் தாள் மடிப்பில் உடையும். ஒட்டுநாடா, லேமினேஷன் வேண்டவே வேண்டாம். இதழைத் தட்டையாக வைத்து, பிளாஷ் இல்லாமல், முதலில் முழுப் பக்கம், பிறகு பத்தி பத்தியாகப் படமெடுங்கள். கோப்புப் பெயரில் ஆண்டு, மாதம், தேதி, பக்கம் இருக்கட்டும்.