பழைய படத்தில் இருப்பது நம்ம ஊர் அடம்புதானா என்று பார்ப்பது எப்படி

தரங்கம்பாடியிலோ வேளாங்கண்ணியிலோ கடலோர மணலில் படர்ந்து கிடக்கிற அடம்பை முந்நூறு வருடங்களுக்கு மேலாக யார் யாரோ வரைந்திருக்கிறார்கள். அந்தப் படங்கள் பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி என்ற இணையதளத்தில் இலவசம். தேடும்போது அடம்பின் இன்றைய அறிவியல் பெயரான ஐப்போமியா பெஸ்-காப்ரே என்று மட்டும் போட்டால் பல படங்கள் தப்பிவிடும். 1753இல் செடிகளுக்கு அறிவியல் பெயர் வைத்த லின்னேயஸ் இதைக் கன்வால்வுலஸ் பெஸ்-காப்ரே என்றுதான் சேர்த்தார், அப்புறம் வந்தவர்களில் சிலர் ஐப்போமியா பைலோபா என்றார்கள், மூன்றையும் போட்டுப் பாருங்கள்.

1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வந்த, மலபார் பகுதிச் செடிகளைப் பற்றிய ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ் என்ற நூல் என்றால் நேரே 11ஆம் தொகுதிக்குப் போங்கள். அங்கே வெறும் அடம்பு என்று ஒன்றும், சோவன்ன அடம்பு என்று இன்னொன்றும் அடுத்தடுத்து இருக்கும். நம்முடையது இரண்டாவது.

சந்தேகம் வந்தால் இலைதான் தீர்ப்பு. நுனி ஆட்டுக்குளம்பு மாதிரி இரண்டாகப் பிளந்திருக்க வேண்டும், முழு இதய வடிவம் என்றால் வேறு கொடி. அடுத்து, படத்தின் மூலையில் பூவை அறுத்துக் காட்டியிருந்தால் அதை விடாதீர்கள், உண்மையான சரக்கு அங்கேதான் இருக்கிறது: சூல்முடி (பூவின் நடுவில் மகரந்தத்தை வாங்கும் முனை) இரண்டு குட்டி உருண்டையாக இருந்தால் ஐப்போமியா, நூல் மாதிரி நீண்டு பிரிந்தால் கன்வால்வுலஸ், மேலே என்ன பெயர் போட்டிருந்தாலும் சரி.

நிறத்தை நம்ப வேண்டாம். பல நூல்களில் அச்சடித்த பிறகு கையால்தான் வண்ணம் தீட்டினார்கள், பிரதிக்குப் பிரதி மாறும், காய்ந்த பூவைப் பார்த்து வரைந்திருந்தால் இன்னும் மோசம். கடற்கரையில் நிஜப் பூவோடு ஒப்பிடக் காலையிலேயே போங்கள், வெயில் ஏறினால் பூ சுருண்டுவிடும்.

வேலியில் ஏறும் தாளி போன்ற சுற்றுக்கொடிப் படங்களில் இன்னொரு வேலை இருக்கிறது. தண்டு நம் கண்ணுக்கு முன்னால் இடமிருந்து வலமாக மேலே ஏற வேண்டும். மாறி ஏறினால், செம்புத் தகட்டில் அப்படியே செதுக்கி அச்சிட்டதில் படம் கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பியிருக்கலாம்.

படத்தின் அடியில் பொடி எழுத்தையும் படியுங்கள். 19ஆம் நூற்றாண்டில் இந்தியச் செடிகளைப் படங்களோடு வெளியிட்ட ராபர்ட் வைட்டின் ஐக்கோன்ஸ் தொகுதிகளில் ரங்கையா, கோவிந்து என்ற நம் பக்கத்து ஓவியர்களின் பெயர் இருக்கும், அதைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

வாய்க்காலை அடைத்துக்கொண்டு நிற்கிற நெய்வேலிக் காட்டாமணக்கும் இதே ஐப்போமியா பேரினம்தான், ஆனால் அது அமெரிக்காவிலிருந்து வந்தது, ஹோர்ட்டுஸில் தேடி நேரத்தைத் தொலைக்காதீர்கள்.