இன்டர்வியூ முடிந்து பதிலே இல்லையா? இதையெல்லாம் செய்யாதீர்கள்

மூன்று ரவுண்டு முடிந்து சம்பளம் வரைக்கும் பேசியாயிற்று. "ஹெச்ஆர்ல இருந்து கூப்பிடுவாங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். பத்து நாளாகியும் போன் வரவில்லை. வீட்டில் தினமும் ஒருவர் "என்னாச்சு?" என்று கேட்கிறார். இந்த இடத்தில்தான் பலரும் ஏதாவது செய்து காரியத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

சென்னையில் ஒரு நிறுவனத்தில் ஆறு வருடம் ஆளெடுக்கும் வேலை பார்த்தவள் என்பதால், அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் ஒரு எக்செல் ஷீட் இருக்கும். பச்சை என்றால் ஆஃபர். சிவப்பு என்றால் வேண்டாம். பச்சைக்குப் போன் போகும், சிவப்புக்கு ஒரு மெயில் போகும். நடுவில் மஞ்சள் ஒன்று உண்டு. அவர்களுக்கு மட்டும் எதுவும் போகாது.

மஞ்சளில் இருப்பவர் பெரும்பாலும் இரண்டாவது ஆள். முதல் ஆளுக்கு ஆஃபர் கொடுத்திருப்போம். அவருக்கு 90 நாள் நோட்டீஸ் பீரியட், அதாவது ராஜினாமா கொடுத்த பிறகும் பழைய வேலையில் இருக்க வேண்டிய காலம். எங்கள் ஆஃபர் லெட்டரைக் கையில் வைத்துக்கொண்டே அவர் இன்னும் நாலு கம்பெனி ஏறி இறங்குவார் என்பது எங்களுக்கும் தெரியும். சேரும் நாளன்று அவர் வாசலில் வந்து நிற்கும்வரை எதுவும் உறுதியில்லை. அதுவரை இரண்டாவது ஆளிடம் "இல்லை" என்றால் அவரையும் இழப்போம். "காத்திருங்கள்" என்றால் எத்தனை நாள் என்று கேட்பார். ஆகவே வாயைத் திறப்பதில்லை. தப்புதான், நானும் செய்திருக்கிறேன். இது போக, மேனேஜர் லீவில் இருப்பார், அல்லது மார்ச் கணக்கு முடிகிற நேரத்தில் அந்த வேலைக்கான பண ஒப்புதல் எங்கேயாவது மாட்டிக்கொண்டிருக்கும். உங்கள் பதிலில் குறை இருந்ததால்தான் மௌனம் என்று ராத்திரி படுக்கையில் கிடந்து கணக்குப் போட வேண்டியதில்லை.

முதல் தவறு நாற்காலியை விட்டு எழும்போதே நடந்துவிடுகிறது. "முடிவு எப்போது தெரியும்? யாரிடம் விசாரிக்கலாம்?" இந்த இரண்டு கேள்விகளைக் கேட்காமலே "தேங்க்யூ சார்" என்று வந்துவிடுகிறோம். கேட்டிருந்தால் கையில் ஒரு தேதியும் ஒரு பெயரும் இருக்கும். ஒரு வாரம் என்றார்களா? அந்த வாரம் முடிந்து, மேலே இரண்டு வேலை நாள் விட்டு விசாரியுங்கள். எதுவுமே சொல்லவில்லை என்றால் ஒரு வாரம் பொறுத்தால் போதும். தீபாவளி, பொங்கல் வாரங்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அடுத்தது, வாட்ஸ்அப்பில் வரும் "எனி அப்டேட் சார்?". இது எனக்கு ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து வரும். ("சார்" என்று வருவதை விட்டுவிடுவோம்.) நம்பர் சேமித்திருக்காது. படத்தில் முருகனோ, ஒரு கைக்குழந்தையோ இருக்கும். பன்னிரண்டு வேலைகளுக்கு ஒரே நேரத்தில் ஆள் பார்த்துக்கொண்டிருக்கும்போது இவர் யார், எந்த வேலை, எந்த ரவுண்டு என்று நான்தான் தேட வேண்டும். சில நாள் தேடுவேன். சில நாள் அப்படியே விட்டுவிடுவேன்.

மெயில்தான் நல்லது. புதிதாக எழுதாமல், இன்டர்வியூவுக்கு அழைத்த அதே மெயிலுக்குப் பதிலாக அனுப்புங்கள். பழைய பேச்சு எல்லாம் கீழேயே இருக்கும். ஆங்கிலத்தில்தான் எழுதப்போகிறீர்கள், ஆனாலும் விஷயம் இவ்வளவுதான்:

"வணக்கம். சீனியர் டெஸ்டர் வேலைக்கு 12ஆம் தேதி மூன்றாவது ரவுண்டில் கலந்துகொண்டேன். ஒரு வாரத்தில் முடிவு தெரியும் என்றீர்கள். இப்போது எந்த நிலையில் இருக்கிறது, இன்னும் எத்தனை நாள் ஆகும் என்று தெரிவிக்க முடியுமா? என் நோட்டீஸ் பீரியட் 60 நாள் என்று சொல்லியிருந்தேன். மேனேஜரிடம் பேசியதில் 45 நாளில் விடுவிக்கச் சம்மதித்திருக்கிறார்."

அந்தக் கடைசி இரண்டு வரிகள்தான் வேலை செய்யும். ஷீட்டில் திருத்துவதற்கு எனக்கு ஒரு காரணம் கிடைக்கிறது, மேனேஜரிடம் போய்ச் சொல்ல ஒரு விஷயமும் கிடைக்கிறது. உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். "தொந்தரவுக்கு மன்னிக்கவும்" என்று தொடங்க வேண்டாம். தேதி சொன்னது அவர்கள், கேட்பது உங்கள் உரிமை. வீட்டுக் கஷ்டத்தை எழுதுகிறவர்களும் உண்டு. படிக்கும்போது மனசு கேட்காது. ஆனால் அந்த ஷீட்டில் அதற்கென்று ஒரு கட்டம் கிடையாது.

அப்புறம், எத்தனை தடவை? ஒருவர் தினமும் காலை பத்து மணிக்குச் சரியாகப் போன் செய்வார். முதல் வாரம் மரியாதையாகப் பதில் சொன்ன என் சக ஊழியை, இரண்டாவது வாரம் அந்த நம்பரை "எடுக்காதே" என்று சேமித்துக்கொண்டாள். மூன்றாவது வாரம், ஆஃபர் வாங்கியிருந்த முதல் ஆள் வரவில்லை என்று கைவிரித்தார். மேனேஜர் கேட்டார்: "அடுத்த ஆள் எப்படி?" அவள் சொன்னது ஒரே வரி: "டெக்னிக்கலா ஓகே சார், ஆனா ரொம்ப நச்சு." அதோடு மூன்றாவது ஆளுக்குப் போய்விட்டார்கள். ஒரு மெயில், ஒரு வாரம் கழித்து ஒரு போன், இன்னும் பத்து நாள் கழித்துக் கடைசியாக ஒரு மெயில். அதற்கு மேல் வேண்டாம்.

இன்டர்வியூ எடுத்தவரை லிங்க்ட்இன்னில் தேடிப் பிடித்து "ரிசல்ட் என்ன?" என்று கேட்பதும் வேண்டாம். முடிவு தெரிந்தாலும் அவர் தன் வாயால் சொல்ல மாட்டார். உள்ளே வேலை செய்யும் நண்பர் உங்களை ரெஃபர் செய்திருந்தால் அவர் ஒரு முறை விசாரிக்கலாம், அதில் தவறில்லை. "மேலிடத்தில் ஆள் இருக்கிறார்" என்று மாமாவின் நண்பர் வழியாக மேனேஜருக்குப் போன் போட வைப்பது வேறு கதை. அந்த மேனேஜர் கடுப்பில் என் மேஜைக்கு வருவதைப் பார்த்திருக்கிறேன்.

கன்சல்டன்சி வழியாகப் போனவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் வேலையில் சேர்ந்தால்தான் அவர்களுக்குக் கம்பெனியிடமிருந்து காசு. வருடச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம் என்பது இங்கே வழக்கமாகப் பேசும் கணக்கு. "கன்ஃபர்ம் ஆயிடும், வேற எங்கயும் போயிடாதீங்க" என்று அவர் சொல்வதில் அந்தக் கணக்கும் இருக்கிறது. அவரைத் தாண்டி நேராகக் கம்பெனிக்கு எழுதாதீர்கள். ஆள் யார் வழியாக வந்தார் என்ற தகராறு வந்தால் உங்கள் பெயர் அப்படியே கிடக்கும். "கடைசியாக அவர்களிடம் எப்போது பேசினீர்கள், என்ன சொன்னார்கள்?" என்று அவரையே கேளுங்கள். மழுப்பினால் புரிந்துகொள்ளலாம். இந்தக் காத்திருப்பில் யாராவது லேப்டாப் டெபாசிட், பதிவுக் கட்டணம் என்று பணம் கேட்டால் போனை வைத்துவிடுங்கள்.

இல்லாத ஆஃபரை இருப்பதாகச் சொல்லி மிரட்டுவது அடிக்கடி நடக்கும். "அப்படியா, வாழ்த்துகள்" என்று சொல்லிவிட்டால் அடுத்து என்ன செய்வீர்கள்? உண்மையிலேயே இன்னொரு ஆஃபர் வந்திருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், எந்தத் தேதிக்குள் பதில் தர வேண்டும் என்பதோடு. மஞ்சளை ஒரே நாளில் பச்சையாகவோ சிவப்பாகவோ மாற்றுவதில் இதற்கு ஈடு கிடையாது.

எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு, வாய்வார்த்தையை நம்பி இருக்கிற வேலையில் பேப்பர் போடுவது. சம்பளமும் சேரும் தேதியும் எழுதிய ஆஃபர் லெட்டர் மெயிலில் வரும்வரை நீங்கள் தேர்வாகவில்லை. ஒருவரிடம் "செலக்ட் ஆயிட்டீங்க, லெட்டர் இந்த வாரம் வந்துடும்" என்று போனில் சொன்னேன். அன்று சாயங்காலமே அவர் ராஜினாமா கொடுத்துவிட்டார். அடுத்த திங்கட்கிழமை புதிய ஆட்களை எடுப்பதையே நிறுத்திவைத்தார்கள். மறுபடி அவரைக் கூப்பிட்டுச் சொன்னதும் நான்தான். அவர் திட்டவில்லை. "சரிங்க மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இப்படி மௌனமாக இருந்துவிடக் கூடாது என்று 2026 ஜனவரி 1 முதல் சட்டமே இருக்கிறது. பொது விளம்பரம் கொடுத்து ஆளெடுக்கும், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், இன்டர்வியூவுக்கு வந்தவருக்கு, கடைசி இன்டர்வியூ முடிந்த 45 நாளுக்குள், ஆளெடுப்பு பற்றி முடிவு எடுத்தாயிற்றா என்பதைத் தெரிவித்தாக வேண்டும். இங்கே அப்படி ஒன்றும் இல்லாததால், மூன்றாவது முறையும் பதில் இல்லை என்றால் அந்த வேலையை உங்கள் பட்டியலிலிருந்து நீங்களே அடித்துவிட்டு அடுத்த இன்டர்வியூவைப் பாருங்கள். திட்டி ஒரு மெயில் மட்டும் எழுதிவிடாதீர்கள். ஆளெடுப்பவர்களும் கம்பெனி மாறிக்கொண்டே இருப்பவர்கள்தான், அடுத்த வாசலில் அதே ஆளே உட்கார்ந்திருக்கலாம்.

முதல் ஆள் வராமல் போனால், மூன்று மாதம் கழித்துக்கூட எங்களிடமிருந்து போன் வரும். நடுவில் ஒன்றுமே நடக்காத மாதிரி "ஹாய், இப்பவும் வேலை தேடிட்டு இருக்கீங்களா?" என்போம். இத்தனை நாள் எங்கே போனீர்கள் என்று கேட்க வேண்டும் போலிருக்கும். தாராளமாகக் கேளுங்கள், ஆனால் சம்பளம் பேசி முடித்த பிறகு. மூன்று மாதத்துக்கு முன் ஒப்புக்கொண்ட அதே தொகைக்கு இப்போதும் தலையாட்ட வேண்டியதில்லை. இந்தத் தடவை அவசரம் எங்களுக்கு.